ஏரிப்படுகையில் இன்னொருத்தி

பால்கனியில் வைத்திருந்த ஷூவை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. யாரோ அதைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டு, துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறார்கள். திருட்டாக இருந்தால்கூடத் தந்தி இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தந்தி என்பது அவளுடைய அப்பா வைத்த பட்டப்பெயர். கடைக்கு அனுப்பினால், வாங்க வேண்டிய சாமானை இவர் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிக்கொண்டு வந்து நிற்பாளாம். இப்போது முப்பத்தொரு வயது. பத்தாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. ஓடிய பந்தயங்களில் பாதிக்கு மேல் இரண்டாவதாக வந்தவள். அந்த 'இரண்டாவது' என்கிற வார்த்தையை அவர்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அவளுக்காகத்தான் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு, மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தும் மழையே பார்க்காத இந்தப் பாலைவன நகரத்துக்கு வந்து சேர்ந்தது. உயரத்தில் காற்று மெலிசு. இங்கேயே தூங்கி எழுந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும், அப்புறம் எங்கே ஓடினாலும் மூச்சு மிச்சமிருக்கும் என்று இந்த ஊர் ஓட்ட கிளப்பின் பயிற்சியாளரான மாஸ்டர் சொல்லியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், கம்பெனியில் யாரும் சீண்டாத இந்த ஊருக்கு வலியப் போய் மாற்றல் கேட்டு வாங்கினார். மாமியார் தன் தையல் மெஷினைப் பிரித்துக் கட்டினார். வாயாடி என்றே வீட்டில் பேர் வாங்கிவிட்ட நாத்தனார், இங்கே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பறை வேலை தேடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தகுதி ஓட்டம். கிளப் அணியில் காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். அந்த இடம் கிடைக்காவிட்டால் தந்திக்கு இன்னொரு வருஷம் என்று ஒன்று இல்லை. முப்பத்திரண்டு வயதுக்காரியை யாரும் காத்திருந்து கூப்பிடப் போவதில்லை.

இன்று வியாழன்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

லிஃப்ட் மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்கு வந்தார். தந்தி பழைய ஷூவைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவளிடம் இரண்டு ஜோடி உண்டு. புதியது, கிளப் வேனில் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போய் வேகமாக ஓடும் நாட்களுக்கு. பழையது, மேலே மெதுவாக ஓடும் நாட்களுக்கு.

"இதைப் பாருங்க. கட்டை விரலுக்குக் கீழ தேஞ்சிருக்கு."

"ஷூன்னா தேயத்தான் செய்யும்."

"எனக்கு அங்க தேயாது. எனக்கு எப்பவும் சுண்டு விரல் பக்கம்தான் தேயும். பள்ளிக்கூடத்துல இருந்து அப்படித்தான்."

"இந்த ஊரு ரோடு ஒரு மாதிரி. கால் மாறி விழுந்திருக்கும்."

"அப்ப இந்த வெள்ளைப் பொடி?"

அடிப்பாகத்தின் காடிகளில் மாவு போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. ஊருக்கு மேற்கே வறண்டு கிடக்கிற ஏரிப்படுகையைத் தவிர வேறு எங்கேயும் இந்த உப்பு கிடையாது. அங்கே தந்தி ஒரு நாளும் ஓடியதில்லை. தரை கெட்டி, முட்டி போய்விடும் என்று மாஸ்டர் முதல் நாளே தடை போட்டிருந்தார்.

"காத்துல வந்திருக்கும்," என்றார் மெக்கானிக். வாயில் நுரை இருந்ததால் அதற்கு மேல் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

தந்திக்குச் சுருக்கென்றது அவர் சொன்ன பதிலால் அல்ல. இந்த மனிதர் ஒரு திருகாணி தேய்ந்திருந்தால்கூட டார்ச் அடித்துக் கால் மணி நேரம் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஷூவைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தந்தியின் முகத்தைத்தான் பார்த்தார்.

சமையலறையில் குக்கர் இரைந்துகொண்டிருந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் அவசரக் குடுக்கை மாதிரி சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் எதையும் ஒழுங்காக வேக வைக்காது. குக்கர் இல்லாவிட்டால் பருப்பு பருப்பாகவே இருக்கும். மாமியாருக்கு இந்த ஊரின் மேல் இருக்கும் நூறு குறைகளில் அதுதான் முதல் குறை.

"அத்தை, என் பழைய ஷூவை யாராவது எடுத்தாங்களா?"

"நான் எடுத்துப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறேன்? மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு ஊருக்குப் போயிட்டு வருது."

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது?" என்று மாமியார் திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வர்றதால உனக்குப் பதட்டம். போன வாரம் உப்பு கம்மின்னு சந்தேகப்பட்ட. அதுக்கு முந்தின வாரம் உன் கடிகாரத்தை யாரோ திருப்பி வெச்சுட்டாங்கன்ன."

அதுவும் உண்மைதான். இந்த மூன்று மாதமாகத் தந்தி வீட்டை ஒரு ராணுவ முகாம் போலத்தான் நடத்தினாள். ஒன்பது மணிக்கு விளக்கு அணைய வேண்டும். யாருக்கும் சளி பிடிக்கக் கூடாது, பிடித்தால் முகமூடி. அவள் மதியம் தூங்கும்போது தையல் மெஷின் ஓடக் கூடாது. எல்லாரும் முணுமுணுக்காமல் கேட்டார்கள். அவளுக்காகத்தானே வந்திருக்கிறோம் என்று கேட்டார்கள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாயாடி தலையை அள்ளி முடிந்துகொண்டே அறையிலிருந்து வந்தாள். "அம்மா, எனக்கு டிபன் வேணாம். க்ளினிக்ல இன்னிக்குக் காலையிலேயே ஒரே கூட்டம். டாக்டர் சீக்கிரம் வரச் சொல்லிட்டாரு. பல்லு பிடுங்க வர்றவங்க பயந்து ஓடிடாம நான்தான் பேசிப் பேசி உக்கார வைக்கணுமாம். அண்ணி, ஆல் த பெஸ்ட். கீழ இறங்கி ஜமாய்ங்க."

ஒரு மூச்சில் இத்தனையும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தந்தி கல்யாணமாகி வந்தபோது இவளுக்குப் பத்து வயது. சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது தந்தி. முதல்முதலாக மார்க்கில் பொய் சொன்னபோது அப்பாவிடம் மாட்டிவிடாமல் காப்பாற்றியதும் தந்தி. இந்தப் பெண்ணைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வேன் தெருமுனையில் வந்து நின்றது. செவ்வாயும் வியாழனும் கிளப் வேன் ஓட்டக்காரர்களைப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகும். மேலே தூங்கிக் கீழே ஓட வேண்டும் என்பது மாஸ்டரின் முறை. கீழே காற்று அடர்த்தி, கால் பறக்கும்.

தந்தி ஏறி உட்கார்ந்தாள். முன் இருக்கை காலியாக இருந்தது.

"மாஸ்டர் வரலையா அண்ணே?"

"பல்லு வலியாம்," என்றார் டிரைவர். "உங்களை எப்பவும்போல சுத்து எல்லாம் ஒரே சீரா ஓடிட்டு வரச் சொன்னாரு. கூடவும் கூடாதாம், குறையவும் கூடாதாம்."

"செவ்வாய்க்கிழமையும் பல்லு வலிதானே?"

"போன வாரமும் அதான். பாவம் மனுஷன்."

தந்தி யோசித்தாள். ஒரு மனிதனுக்கு முப்பத்திரண்டு பல்லும் முறை வைத்துக்கொண்டு வலிக்குமா? அதுவும் வேன் போகிற நாளாகப் பார்த்து?

வேன் ஊரின் கடைசி வளைவுகளில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்து க்ளினிக்குக்கு அடித்தாள். எடுத்தது ஒரு நர்ஸ்.

"ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுகிட்ட பேசணுமே. நான் அவங்க அண்ணி."

"அவங்களா? செவ்வாய், வியாழன் அவங்களுக்கு மத்தியான ஷிஃப்ட் ஆச்சே. ரெண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க."

தந்தி போனை மடியில் வைத்துக்கொண்டாள். மாஸ்டருக்குப் பல் வலி. வாயாடிக்கு இல்லாத ஷிஃப்ட். கணவர் ஷூவைத் தொடவில்லை. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டபோது மனசு போன இடம் அவளுக்கே கூசியது. மாஸ்டர் பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயதுக்காரர். சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியே இருந்தாலும் அதற்கு எதற்கு ஷூ?

"அண்ணே, அந்த பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க. வயித்தைக் கலக்குது."

"வெயிட் பண்ணட்டுமா?"

"வேணாம், நீங்க போங்க. நான் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிடறேன்."

வேன் கண்ணை விட்டு மறைந்ததும் அவள் ஆட்டோவில் ஏறினாள். வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. மேற்கே போகச் சொன்னாள்.

ஏரிப்படுகைக்கு முன்னால் உப்பு லாரிகள் நிற்கும் ஒரு மைதானம் இருந்தது. வெயிலில் நின்றால் தோலைச் சுட்டது, லாரி நிழலில் நின்றால் பல் கிட்டியது. அந்த ஊர் அப்படித்தான், எதிலும் நடுத்தரம் கிடையாது. தந்தி ஒரு லாரியின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

முதலில் தெரிந்தது லிஃப்ட் கம்பெனியின் மோட்டார் சைக்கிள். அதன் மேல் அவளுடைய கணவர், மடியில் தண்ணீர் பாட்டில், ஹாண்டிலில் வீட்டிலிருந்து எதையோ எடுத்து வந்த காலித் துணிப்பை. வேலை நேரத்தில். பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு மாஸ்டர். பல் வலிக்காரர் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தார்.

வெள்ளைப் படுகையின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். தந்தி முதலில் பார்த்தது முகத்தை அல்ல, காலைத்தான். தன்னுடைய ஷூ. கட்டை விரல் பக்கமாக அழுத்தி, அழுத்திய சுவடே தெரியாமல் எழும்புகிற கால். அப்புறம்தான் முகம்.

வாயாடி.

கோபம் வர வேண்டியதுதான். வந்தது, ஆனால் அது வந்து சேர்வதற்குள் இன்னொன்று முந்திக்கொண்டது. இருபது வருஷமாக ஓடிய கண் அவளுடையது. அந்தக் கண் அவளைக் கேட்காமலே வேலை பார்த்தது. தோள் அசையவில்லை. தலை ஆடவில்லை. கை வீச்சில் ஒரு பிசிறில்லை. இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது, ஆனால் கூட்டியது போலத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பெண் பேசிக்கொண்டே ஓடினாள். மோட்டார் சைக்கிளைக் கடக்கும்போதெல்லாம் அண்ணனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். மூன்று மாதம் ஆகியும் தந்தியால் இந்த உயரத்தில் ஓடிக்கொண்டே நான்கு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது.

முதல் கால் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. தன்னால் அதை எட்ட முடியாது. இன்றைக்கு முடியாது என்பதில்லை, எப்போதுமே முடிந்திருக்காது.

அந்த நிமிஷத்தில் தந்தி நாத்தனாரை வெறுத்தாள். மறைக்க என்ன இருக்கிறது, வெறுத்தாள். போய் முன்னால் நின்று கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. அழுவதை மாஸ்டர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே திரும்பி நடந்தாள்.

மதியம் அவள் தூங்கவில்லை. மாமியார் வழக்கம்போல மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"மெஷினை ஓட்டுங்க அத்தை."

"நீ தூங்கலையா?"

"இனிமே நான் தூங்கறதுக்காக யாரும் எதையும் நிறுத்த வேணாம்."

மாமியார் ஊசியைத் துணியில் குத்திவிட்டு அவளையே பார்த்தார். கேட்கவில்லை. என்னவென்று தெரியாவிட்டாலும், கேட்டால் வீடு இரண்டு படும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மெக்கானிக் வந்தார். அவர் பின்னாலேயே வாயாடி. நான்கு பேரும் டீயோடு உட்கார்ந்தார்கள். தந்தி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"காலையில க்ளினிக்ல கூட்டமா?"

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க அண்ணி. உக்கார இடமில்ல. ஒரு ஆளு ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோட பின்னாடி சாஞ்சுட்டாரு. நான்தான் தண்ணி தெளிச்சு..."

"ஏரிப்படுகையில கூட்டமே இல்லையே. மூணு பேருதானே இருந்தீங்க."

வாயாடி பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பாதி வாக்கியத்தில் நின்றாள். மெக்கானிக் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வேன்ல போகலையா நீ?" என்றார்.

"நான் எங்க போனேன்னு நான் அப்புறம் சொல்றேன். நீங்க முதல்ல சொல்லுங்க. எத்தனை நாளா?"

"வந்த பத்தாவது நாள்ல இருந்து. மாஸ்டர் நேர்ல வர்றது இந்த ரெண்டு வாரமாத்தான்." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எதுக்கு என் ஷூ?"

"புதுசா வாங்கினா உனக்குத் தெரிஞ்சுடும்னு..." என்று இழுத்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கால்."

"அண்ணி, நான் ஒவ்வொரு தடவையும் துடைச்சுத்தான் வெச்சேன்," என்றாள் வாயாடி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்கே உறைத்தது.

"என்னடா நடக்குது?" என்றார் மாமியார். "இவ எதுக்கு ஓடுறா? இவளுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

தந்தி கணவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாஸ்டர் நம்ம ஊருக்கு வந்து என்னைப் பார்த்துட்டுப் போனாரே. அப்புறம் உங்களுக்குத்தானே போன் பண்ணினாரு. போன்ல அவர் யாரைக் கூப்பிட்டாரு?"

"ரெண்டு பேரையும்தான்."

"முதல்ல யாரைக் கூப்பிட்டாரு?"

மெக்கானிக் கீழே வைத்த டம்ளரை மறுபடி கையில் எடுத்தார்.

"கேக்குறால்ல. சொல்லேண்டா," என்றார் மாமியார்.

"இவளை," என்றார் மெக்கானிக். தங்கையின் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை.

தந்திக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பழைய ஊரின் மண் மைதானம். மாஸ்டர் நிழலில் உட்கார்ந்து அவளை ஓடச் சொன்னார். அவள் உயிரைக் கொடுத்து ஓடினாள். கடைசிச் சுற்றுகளில் அவளுக்கு உற்சாகம் கொடுக்கிறேன் என்று வாயாடி ரப்பர் செருப்போடு உள் பக்கமாகக் கூடவே ஓடி வந்தாள். "இன்னும் ரெண்டே சுத்து அண்ணி, விடாதீங்க அண்ணி, அவர் பார்க்குறாரு அண்ணி" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓடி வந்தாள். முடிந்ததும் தந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பக்கத்தில் நின்று இவள் தண்ணீர் கொடுத்தாள். மாஸ்டர் புன்னகையோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் தனக்கு என்று நினைத்துத்தான் தந்தி ஒரு வீட்டையே காலி செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

"எனக்கு அப்ப தெரியாது அண்ணி, சத்தியமா," என்றாள் வாயாடி. "இங்க வந்த அப்புறம்தான் அண்ணா சொன்னான். நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

"சொல்லிட்டு ஓடின."

"ஆமா." வாயாடியின் கண் கலங்கியது. "ஓடிப் பார்த்தேன். பிடிச்சிருந்துது."

அது உண்மை என்று தந்திக்குத் தெரிந்தது. அந்தப் பிடித்திருப்பது என்னவென்று இந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"அவர் இவளை மட்டும் அனுப்பச் சொன்னாரு," என்று மெக்கானிக் அவசரமாகத் தொடர்ந்தார். "நான்தான் முடியாதுன்னேன். என் வீட்டுக்காரியும் வந்தாத்தான் வருவோம்னேன். உன்னை விட்டுட்டு இவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது? உன் மனசு என்ன பாடுபடும்?"

"இப்ப என்ன பாடுபடுதுன்னு நினைக்கிறீங்க?"

தந்தி அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரி, நானும் வந்தேன். மாஸ்டரும் ஒத்துக்கிட்டாரு. சும்மா ஒத்துக்கிட்டாரா?"

"உனக்கும் ஒரு வேலை இருக்குன்னாரு."

"என்ன வேலை?"

மெக்கானிக் நெற்றியைத் தேய்த்தார். "முயல்."

மாமியாருக்குப் புரியவில்லை. தந்திக்கு நன்றாகப் புரிந்தது. நீண்ட ஓட்டங்களில் நல்ல நேரம் எடுக்க வேண்டுமானால் முன்னால் ஒருத்தி ஒரே வேகத்தில் ஓடிக் காட்ட வேண்டும். காற்றை அவள் தாங்கிக்கொள்வாள், வேகத்தை அவள் பார்த்துக்கொள்வாள், பின்னால் வருகிறவள் யோசிக்காமல் ஓடி வந்தால் போதும். பாதித் தூரம் தாண்டியதும் முன்னால் ஓடியவள் ஓரமாக ஒதுங்கிவிடுவாள். அவளைத்தான் ஓட்டக்காரர்கள் முயல் என்பார்கள்.

மூன்று மாதமாக மாஸ்டர் அவளைக் கடைசிச் சுற்றில் ஒரு தடவைகூட வேகமெடுத்து ஓட விட்டதில்லை. கடிகாரம் மாதிரி ஓடு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உன்னை மாதிரி சீராக ஓடுகிறவளை நான் பார்த்ததே இல்லை என்று அவர் தட்டிக்கொடுத்தபோதெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை அந்த இடத்துக்கு ஓடுறது..." என்று ஆரம்பித்த மாமியார் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பொண்ணா?"

அவர் குரலில் கவலைதான் இருந்தது. ஆனால் கடைசி வார்த்தையில் கவலைக்கு அடியில் வேறொன்றும் எட்டிப் பார்த்தது. பெற்றவள்தானே. அவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார், மருமகளின் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். தந்தி அதற்கு முன்பே பார்த்துவிட்டாள். கணவர் சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் வலித்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஓடியதற்காக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை.

"நீ ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னா, நான் ஓடல அண்ணி," என்றாள் வாயாடி. பதட்டத்தில் மரியாதைகூடத் தப்பிவிட்டது. "க்ளினிக்குக்கே போயிடறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்படிச் சொல்லி என்னைப் பாவி ஆக்காதே."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

தந்தி எழுந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"சொல்லும்மா," என்றார் மாஸ்டர். "கீழ நல்லா ஓடினியா?"

"பல்லு வலி எப்படி இருக்கு மாஸ்டர்?"

போனில் மாஸ்டர் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"உன் வீட்டுக்காரர் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். சனிக்கிழமை உக்கார வெச்சுப் பேசலாம்னு." அவர் தொண்டையைச் செருமினார். "கோவப்படாதே. உன்னை மாதிரி முன்னாடி ஓட ஆள் கிடைக்காது. அந்தப் பொண்ணுக்கு வேகம் இருக்கு, கணக்குத் தெரியாது. ஆரம்பத்துல பறந்துட்டு நடுவுல விழுந்துடுவா. நீ பாதி வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டாப் போதும், மீதியை அவ பார்த்துப்பா. இந்தக் குடும்பத்துக்கே பேரு வரும்மா."

"புரியுது மாஸ்டர்."

"உனக்கு வருத்தமில்லையே?"

"ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு."

"கேளு."

"ஞாயித்துக்கிழமை எனக்கும் நெஞ்சுல குத்துற நம்பர் உண்டா?"

"உண்டு. நம்பர் இல்லாம டிராக்ல இறங்க விட மாட்டாங்களே."

"நம்பரோட ஓடுறவ பாதியில ஒதுங்கித்தான் ஆகணும்னு ரூல் இருக்கா?"

மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாயாடி கண்ணைத் துடைத்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

"ரூல்னு ஒண்ணும் இல்ல," என்றார் மாஸ்டர். "ஆனா ஒதுங்கறதுதான் வழக்கம். யாரும் அப்படி... ஏம்மா கேக்குற?"

"தெரிஞ்சு வெச்சுக்கத்தான். வைக்கிறேன் மாஸ்டர்."

போனை அணைத்துவிட்டு அவள் நான்கு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். முகத்தில் கோபமில்லை, அழுகையும் இல்லை. மூன்று மாதமாக அவள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதே மாதிரி இப்போது மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்க நீ?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஒண்ணும் நினைக்கல."

"ஒண்ணும் நினைக்காத ஆளு அப்படிக் கேக்க மாட்டாளே."

"நீங்க மூணு மாசம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தீங்களே. நான் ஒரு மூணு நாள் இருந்தா என்ன?"

மாமியார் எழுந்து போய்த் தையல் மெஷின் மேல் உறையைப் போட்டார்.

வாயாடி மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அந்த வாய் இப்படித் தடுமாறித் தந்தி பார்த்ததில்லை.

"அண்ணி."

"ம்."

"ஞாயித்துக்கிழமை நீங்க பாதியில ஒதுங்கிடுவீங்கதானே?"

தந்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பத்து வயதிலிருந்து தூக்கி வளர்த்த முகம். அதில் பயமும் இருந்தது, எதையும் விட்டுக்கொடுக்காத ஒரு பிடிவாதமும் இருந்தது. ஓட்டக்காரியின் முகம்தான், சந்தேகமில்லை.

"நீ என் முதுகையே பார்த்துட்டு ஓடி வா," என்றாள் தந்தி. "ஒதுங்கினா உனக்குத்தான் முதல்ல தெரியும்."